ஒன்றைக் கழித்த சரஸ்வதி டீச்சர்

பஸ்ஸை விட்டு இறங்கிய நம் மாணவி பொன்னி நேராக என் வீட்டுக்கு வந்தாள். "சார், சரசு டீச்சர் போயிட்டாங்க. சேலம் ஆஸ்பத்திரியில..." வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நம் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தந்த சரஸ்வதிக்குச் சாகிற வயதா அது?

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் தாளாளர், "நல்லவங்க. கவனந்தான் கொஞ்சம் பத்தாது" என்றார். பலர் தலையாட்டினீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆண்டுவிழா நினைவிருக்கிறதா? தேர்வில் முதல் இடங்களைப் பிடித்தவர்களின் பெயர்களை வைத்து சரஸ்வதி ஓர் இணையப் பக்கம் செய்திருந்தார். இட எண்ணைத் தட்டினால் பெயர் திரையில் வரும். தாளாளர் ஒன்று என்ற எண்ணைத் தட்டினார். அவருடைய அண்ணன் மகன் பெயர் வந்தது. மண்டபமே கைதட்டியது. உண்மையில் முதலிடம் வாங்கியவள் பொன்னி, சேர்வராயன் கோயில் பக்கத்து விவசாயியின் மகள். எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் முன்வரிசையில் தவித்தாள்.

சரஸ்வதி ஓடி வந்தார். "தப்பு என்னுதுங்க. கம்ப்யூட்டரு பட்டியலை சைபர்ல இருந்து எண்ணுமுங்க. தட்டுற எண்ணுல ஒன்னைக் கழிச்சுத் தேடச் சொல்லோணும். மறந்துட்டனுங்க."

நம் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். அடிவாரத்தில் நிற்பவர் இன்னும் ஒரு வளைவுகூட ஏறவில்லை. ஆனாலும் பாதை அங்கேதானே தொடங்குகிறது? பட்டியலின் முதல் பெயரும் அப்படித்தான். தொடக்கத்திலிருந்து அதன் தூரம் சைபர். ஒன்று என்று கேட்டால் அடுத்த பெயர், அதாவது இரண்டாமிடம் வாங்கிய அண்ணன் மகன் பெயர்தான் வரும். இதில் புரியாதது என்ன இருக்கிறது?

தாளாளருக்கும் புரிந்தது. "கைதட்டியாச்சு டீச்சர். இன்னிக்கு இப்படியே இருக்கட்டும். அந்தப் புள்ளைக்கு ஒரு பேனா வாங்கிக் குடுத்துடலாம்."

"பேனா எதுக்குங்க? அவ பேரு உள்ளதான் இருக்குது. நாமதான் தப்பான எடத்துல தேடறோம்."

அத்தனை பேர் முன்னாலும் அந்த ஒரு வரியைத் திருத்தினார். "நீயே வந்து தட்டு கண்ணு" என்று பொன்னியை அழைத்தார். அவள் தட்டினாள். பெயர் வந்தது. இந்த முறை கைதட்டியது நானும் பொன்னியின் அப்பாவும் மட்டும்.

அடுத்த ஜூனில் சரஸ்வதிக்கு வேலை இல்லை. எண்ணத் தெரியாத கம்ப்யூட்டர் டீச்சர் என்று முத்திரை குத்தினார்கள். சேலத்தில் எந்தப் பள்ளி விசாரித்தாலும் அதே பதில்தான் போனது. கடைசிவரை அவருக்கு வேறு பள்ளி கிடைக்கவில்லை.

தன் தவற்றை நின்ற இடத்திலேயே திருத்தியவருக்குக் கவனம் பத்தாதாம்! தெரிந்தே விட்டுவைக்கச் சொன்னவர் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்.

வாழ்நாள் முழுதும் பொறுமையாகப் பாடம் நடத்தியவன் நான். இதில் எனக்குப் பொறுமை இல்லை. "நாமதான் தப்பான எடத்துல தேடறோம்" என்ற அந்தக் குரலை வைத்திருக்கிறேன்; இந்தக் கோபத்தையும் வைத்திருக்கிறேன். இனி யாராவது சரஸ்வதியைக் கவனம் பத்தாதவர் என்றால், எந்தக் கூட்டமானாலும் எழுந்து நின்று, அந்த ஆண்டுவிழாவை முதலிலிருந்து சொல்வேன்.