நியூட்ரலுக்கு வராத வண்டி

என் இடது முழங்கால் தேய்ந்துபோய் வருஷக்கணக்காகிறது. பஸ் படி ஏற முடியாது, கிளட்ச் மிதிக்கவும் முடியாது. அதனால்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். அது இருந்ததால்தான் ரெட்டியார்பாளையத்திலிருந்து சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போய்வந்தேன். வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, என் அண்ணன் வீராம்பட்டினத்து அம்மன் சிலை ஒன்றைக் கியர் தண்டுக்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. காலையிலேயே போய், அவர் வீட்டு வாசலில், வண்டியின் முன்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். சீர்த்தட்டு வரப்போகிறது, வண்டியை எடு என்றார்கள். சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடந்தது. வேறொரு வண்டியிலிருந்து ஒயர் போட்டும் உயிர் வரவில்லை. இழுவை வண்டிக்காரர் வந்து பார்த்தார். "பின்னாடி தூக்கிதான் இழுக்க முடியும். முன் சக்கரம் உருளணும், நியூட்ரல்ல போடுங்க." கரண்ட் இல்லாததால் பூட்டிக்கொண்ட கியரோ பார்க்கிங்கை விட்டு அசைவேனா என்றது.

ஆளாளுக்கு வந்து தண்டைப் பிடித்து உலுக்கினார்கள். "கிளட்ச்ச மிதிச்சிட்டுப் போடும்மா" என்று ஒரு மகராசன் யோசனை சொன்னார். இல்லாத கிளட்ச்சை எங்கே போய் மிதிக்க?

வழி இருந்தது. தண்டுக்குப் பக்கத்துச் சின்ன மூடியை எடுத்துவிட்டு, உள்ளே ஸ்க்ரூ டிரைவரை விட்டு அழுத்தினால் பூட்டு விட்டுவிடும், நியூட்ரலுக்குத் தள்ளலாம். வண்டி விற்றவர் காட்டிக்கொடுத்திருந்தார். அந்த மூடியின் மேல்தான் அம்மன் உட்கார்ந்திருந்தாள்.

"செலைய எடுத்தா போதும்ணே, ஒரு நிமிஷ வேல" என்று குனிந்தேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா அம்மனப் பேத்து எடுப்பியா? அதுவும் நீ?"

புருஷன் போனவள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"அப்ப அண்ணி எடுக்கட்டும்."

"யாரு கையும் படக்கூடாது. பொண்ணுக்கு எதனா ஆச்சின்னா?"

"இப்படியே இழுத்தா கியர் பாக்ஸ் போயிடும்ணே. நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

அண்ணி பூத்தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "நீ இழுப்பா, நான் சொல்றேன்" என்றார் அண்ணன். இழுவைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இழுத்தார். டயர் கிறீச்சிட்டது. பிறகு அடியில் டொக்கென்று எதுவோ முறிந்தது. அதற்கப்புறம் சக்கரம் தாராளமாக உருண்டது. "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று கைதட்டினார்கள், பாவிகள். சீர்த்தட்டுகள் மேளத்தோடு உள்ளே போயின.

கியர் பாக்ஸை முழுசாக மாற்றணும், அதற்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம் என்றார் மெக்கானிக். எனக்கு இரண்டுக்கும் வக்கில்லை. வேலை போயிற்று. வாடகை வீட்டையும் காலி செய்தேன்.

"ஏன் தனியா கெடந்து அல்லாடற? அண்ணிக்கு ஒத்தாசையா இங்கயே இரு" என்றார் அண்ணன். பெரிய மனசு! இப்போது அவர் வீட்டில் மூன்று வேளைச் சமையலும் நான்தான். விசேஷ நாட்களில் மட்டும் அண்ணி அடுப்பங்கரைப் பக்கம் என்னை விடுவதில்லை.