நைனா சொன்ன நிபந்தனை

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். படித்ததில் வீட்டுக்கு உதவியது தர்க்கவியல்தான்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் நைனாவும் என் தாய்மாமாவும் ஒரு வலைத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அக்காவின் கல்யாணம் நெருங்கியபோது நைனா, “அவன் வந்தா நான் வரமாட்டேன்” என்றார். அக்காவோ, “ரெண்டு பேரும் வந்தாதான் கழுத்த நீட்டுவேன்” என்றாள்.

எல்லா நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வழி உண்டா என்று பார்ப்பதுதான் நான் படித்த கணக்கு. அதற்கு முதலில் ஒவ்வொன்றையும் ‘அல்லது’ போட்ட வாக்கியமாக மாற்ற வேண்டும். நைனாவுக்குப் புரியும்படி மாற்றிச் சொன்னேன்.

“மாமா வரக்கூடாது, இல்லாங்காட்டி நீ வரக்கூடாது. அதான நைனா?”

“இன்னாம்மே, எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரக்கூடாதா?”

“நீ சொன்னதுதான். நான் ஒண்ணும் கூட்டல. அக்கா சொன்னதையும் சேத்தா இந்தக் கணக்குக்கு வழியே இல்ல. யாராவது ஒருத்தர் வாபஸ் வாங்கணும்.”

“படிச்சவகிட்ட வாய் குடுத்தேன் பாரு” என்று நைனா சிரித்தார். பிறகு போனில் மாமாவைக் கூப்பிட்டார்.

“மச்சான், பேஜாரு பண்ணாம முந்தின நாளே வூட்டுக்கு வந்துடு. தாய்மாமன் இல்லாம மால யாரு போடுவா?”

வழியில்லை என்று நிரூபிக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. தன் நிபந்தனையைத் தானே அழித்து வழியை உண்டாக்கியவர் நைனா.