பின்னால் போன முன்சீட்டு

மலாக்கிக்கு வயது நாற்பத்தேழு. அதில் இருபத்திரண்டு வருடம் எங்கள் ஊரிலிருந்து தீவின் தலைநகர் ஆப்பியாவின் சந்தைக்குப் பஸ் ஓட்டியே கழிந்தது. வலப்பக்கம் ஓடிய வண்டிகள் இனி இடப்பக்கம் ஓட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது ஊரே முணுமுணுத்தது. அவன் மட்டும், கைப்பழக்கம்தானே, மாற்றிக்கொள்ளலாம் என்றான். கை மாறிக்கொண்டது. பஸ் மாறவில்லை. அதன் ஒரே கதவு வலப்பக்கம் இருந்தது. இறங்குகிறவர் நடுச்சாலையில்தான் இறங்க வேண்டும்.

கதவை மாற்றாமல் ஓட்டக் கூடாது என்றார்கள். தச்சர்களுக்கோ கிறிஸ்துமஸ் வரை வேலை நிரம்பியிருந்தது. அதே வழியில் இன்னொரு பஸ் ஓட்டும் இயோசுவா முந்திக்கொண்டு கதவு மாற்றி, மலாக்கியின் ஆட்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனான். ஒரு மாதம் இப்படியே போனால் பிழைப்பு அவ்வளவுதான்.

மூன்று நாள் மலாக்கி பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான்காம் நாள் மச்சான்மார் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டான். டிரைவருக்குப் பின்னால், ஆட்கள் உட்காரும் மரக்கூட்டை அப்படியே கழற்றித் தூக்கி, முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். கதவு இடப்பக்கம், வால் பகுதிக்கு வந்துவிட்டது. சீட்டுகள் எல்லாம் வந்த வழியைப் பார்த்தன.

"ஒரு கதவுக்காக ஒரு பன்னியை அடிச்சுப் பன்னெண்டு பேருக்குப் போட்டிருக்கேன்" என்றாள் அவன் மனைவி சுலியா.

"கதவு சரியான பக்கம் வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு. ஊருதான் ஆப்பியாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போகணும்."

சிக்கல் அதுவல்ல. எங்கள் ஊர் வழக்கப்படி முன்சீட்டு தலைவர்களுக்கு, இளசுகள் பின்னால், ஒருவர் மடியில் ஒருவர். இப்போது முன்சீட்டு எது? ஊர்ச்சபை இரண்டு நாள் பேசியது. எந்தப் பலகை இத்தனை காலம் முன்சீட்டோ அதுதான் முன்சீட்டு, அது எங்கே இருந்தாலும் சரி என்று தீர்ப்பானது. தலைவர் தலோசங்கா வால் பகுதியில், பின்ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"எனக்குக் குமட்டுச்சுன்னா இறங்கிருவேன் மலாக்கி. நான் இறங்கினா ஊரே இறங்கும்."

மலாக்கி வியர்த்தபடி கிளம்பினான். பாதி வழியில் இயோசுவாவின் பஸ் பின்னால் வந்தது. எப்போதும் அங்கேதான் முந்துவான். இன்று ஜன்னலில் தலைவரின் முகம். பெரியவர் முகத்துக்கு நேரே எங்கள் ஊரில் யாரும் விறைப்பாகக் கடந்துபோவதில்லை. குனிந்து, மன்னிப்புக் கேட்டுத்தான் போவார்கள். பஸ் எப்படிக் குனியும்? இயோசுவா இரண்டு முறை வலப்பக்கம் ஒதுங்கி முந்தப் பார்த்தான். இரண்டு முறையும் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் ஆப்பியா வரை தலையைத் தாழ்த்திக்கொண்டே ஊர்ந்து வந்தான்.

சந்தையில் இறங்கிய தலைவர் இயோசுவாவின் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இத்தனை வருஷமா இவன் என் முதுகைத் தாண்டிப் போயிருக்கான். எனக்குத் தெரியவே இல்ல பாரு. நாளைக்கும் இதே சீட்டுதான்."

மறுநாளிலிருந்து இயோசுவா முகத்தைத் தவிர்க்க அரைமணி முன்னதாகவே கிளம்பினான். அந்த நேரத்தில் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குச் சேப்பங்கிழங்குகூட வெந்திருக்காது, ஏற ஆளில்லை. தலைவர் குளித்து வரும்வரை மலாக்கி காத்திருப்பான், அவனோடு ஊரும்.

அவனுக்கு ஒரே குறை, கண்ணாடியில் முகங்கள் தெரிவதில்லை. பின்தலையை வைத்தே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்ல ஒரு வாரத்தில் பழகிக்கொண்டான்.