வள்ளத்தை இறக்கியவருக்கு அடுத்த வருடம் கிடையாது

எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் இருந்து மேலே வரப் பதின்மூன்று படிகள். போன கோடை முழுவதும் நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி இறங்கினேன். காலையில் ஆறு தடவை, பின்னேரம் ஆறு தடவை. அறுபத்து நாலு வயதில் ஒருவன் இப்படிச் செய்தால் ஒன்றில் அவனுக்கு வீட்டில் மரியாதை இல்லை, அல்லது விசர். என் விஷயத்தில் இரண்டும்தான். மனைவி முதல் வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம் கேட்டாள்.

"மூட்டையை மேல கொண்டந்தியள், சரி. திரும்ப ஏன் கீழ கொண்டு போறியள்?"

போர்ட்டேஜுக்குப் பழகுகிறேன் என்றேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். முப்பது வருடமாக அந்தச் சொல்லுக்கு அவளிடம் கிடைக்கும் பதில் அதுதான்.

போர்ட்டேஜ் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது, வள்ளத்தைச் சுமப்பதைவிடக் கஷ்டம். ரொறொன்ரோவில் இருந்து வடக்கே மூன்றரை மணி நேரம் கார் ஓடினால் காடு. காடு முழுக்க ஏரிகள். ஓர் ஏரியை வலித்து முடித்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர்ப் பாதை இருக்காது. கரையில் ஒரு மஞ்சள் பலகை இருக்கும். அதில் வள்ளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கும் ஒரு மனிதனின் படம், கீழே எத்தனை மீற்றர் என்ற இலக்கம். அதன்பிறகு படத்தில் இருப்பவன் நீங்கள்தான். வள்ளத்தின் நடுவில் உள்ள குறுக்குக்கட்டையைக் கழுத்தடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, வேரிலும் சேற்றிலும் கல்லிலும் மிதித்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும்.

கலியாண வீட்டில் ஒருவர் கேட்டார், வள்ளம் ஆளைக் காவும் என்றுதான் கேள்விப்பட்டோம், ஆள் வள்ளத்தைக் காவுவதற்கு நீங்கள் லீவு எடுத்துக்கொண்டா போகிறீர்கள் என்று. இன்னொருவர், காட்டுக்குள் படுக்கத்தான் ஆசை என்றால் ஊரிலேயே இருந்திருக்கலாமே, எதற்கு அகதி விண்ணப்பம் எழுதினீர்கள் என்றார். இரண்டுக்கும் நானும் சேர்ந்து சிரித்தேன். பகிடிக்குச் சிரிக்காவிட்டால் அடுத்த பகிடி நானாகிவிடுவேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் சொந்தமில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஒரே அறையில், மூன்று பேருக்கு இரண்டு மெத்தையோடு இருந்தவர்கள். மூத்தவரைப் பெரியண்ணை என்போம். நான் சின்னண்ணை. கடைசி ஆள் தம்பி. தம்பிக்கு இப்போது ஐம்பத்தேழு வயது, தாடி முழுக்க நரை, விட்பியில் நாலு அறை வீடு. ஆனாலும் தம்பிதான்.

அந்த நாளில் மூவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். அங்கே சமையல் செய்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் பழைய அலுமினிய வள்ளத்தை எங்களுக்குத் தந்து, போய் ஒரு முறை பாருங்கள் என்று அனுப்பினார். நாங்கள் காட்டுக்குப் போகிறோம் என்பதை விளங்கிக்கொண்டோம். சுமக்க வேண்டும் என்பது விளங்கவில்லை. பத்து இறாத்தல் ஆட்டிறைச்சிக் கறி, பெரிய பானை ஒன்று, ஆறு தேங்காய், ஏறி இருந்து அதைத் துருவுகிற மரத் திருவலை. இத்தனையையும் கட்டிக்கொண்டு போனோம். நாலு போர்ட்டேஜ் தாண்டிப் போய், ஏரிக்கரைப் பாறையில் குந்தியிருந்து பெரியண்ணை சம்பலுக்குத் தேங்காய் துருவினார். பக்கத்தால் வள்ளம் வலித்துப் போன ஒரு தம்பதி துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தத் திருவலையை மட்டும் அடுத்த வருடம் விட்டுவிட்டுப் போனோம். மற்ற எல்லாம் தொடர்ந்தது, ஒவ்வொரு செப்டெம்பரும், ஐந்து நாள்.

சட்டம் இரண்டாவது பயணத்தில் வந்தது. இயற்றியவன் நான். போர்ட்டேஜின் நடுவில் வள்ளத்தை நிலத்தில் இறக்குகிறவருக்கு அடுத்த வருடம் இடமில்லை. மூவரும் தேத்தண்ணீர்க் கோப்பையை உயர்த்தி ஏற்றுக்கொண்டோம். முப்பது சொச்ச வயதில் இப்படிச் சட்டம் போடுவது சுகம். அது தன்னைத் தேடி வரும் என்று அந்த வயதில் யாரும் நினைப்பதில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் ஒருவரும் இறக்கவில்லை. அதில் பெரியண்ணைதான் கெட்டிக்காரர். எழுபது இறாத்தலுக்கு மேல் பாரமான அந்த அலுமினிய வள்ளத்துக்குக் கீழே நடந்தபடியே கதை சொல்வார். வள்ளத்துக்குள் குரல் முழங்கும். வள்ளம் பேசிக்கொண்டு இரண்டு கால்களில் போவது போல இருக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னர், ஆயிரத்து முந்நூறு மீற்றர் போர்ட்டேஜ் ஒன்றில், முக்கால்வாசித் தூரத்தில் அந்தக் குரல் நின்றது. திரும்பிப் பார்த்தபோது பெரியண்ணை வள்ளத்தை நிலத்தில் இறக்கிவிட்டு, அதன் அடிப்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. நான் சொன்னேன், "அண்ணை, சட்டம் எண்டால் சட்டம்தான்." தம்பி சிரித்தான். பெரியண்ணையும் சிரித்தார். பகிடி நல்ல பகிடி. சொன்ன நேரமும் சரி. எனக்கு அதில் எப்போதும் திறமை உண்டு.

அடுத்த ஏப்ரலில், காட்டுக்கான அனுமதியைப் பதிவு செய்யத் தம்பி என்னைக் கூப்பிட்டான். எத்தனை பேர் என்று கேட்டான். நான் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு போடு, அவர் வரமாட்டார் போல, என்றேன். அவரிடம் கேட்டீர்களா என்று தம்பி கேட்கவில்லை. கேட்டேன் என்று நானும் பொய் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த அளவுக்கு நேர்மை இருந்தது. அந்த வருடமே, இரண்டு பேர்தானே என்று, பாரம் குறைந்த புதுவகை வள்ளத்தை வாடகைக்கு எடுத்தோம். நாற்பது இறாத்தல். ஒரு அரிசி மூட்டை. பெரியண்ணை எங்களோடு வந்தவரை அந்த யோசனை எங்களுக்கு ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

போன செப்டெம்பரில் அதே ஆயிரத்து முந்நூறு வந்தது. நீளமான போர்ட்டேஜில் வள்ளம் எனக்குத்தான் என்பது என் பிடிவாதம். தம்பி பெரிய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். வள்ளத்துக்குக் கீழே போனால் உலகம் சின்னதாகிவிடும். உங்கள் சப்பாத்தும் முன்னால் ஆறடிச் சேறும் மட்டும் தெரியும். நான் படிகளை எண்ணுவது போலக் காலடிகளை எண்ணினேன். எண்ணூறுக்குக் கிட்ட வலது முழங்கால் தன் பாட்டில் ஒரு முடிவுக்கு வந்தது.

இரண்டு மரங்கள் கவராக நின்ற இடம் ஒன்று தெரிந்தது. வள்ளத்தின் முன்மூக்கை அந்தக் கவரில் கொழுவி, பின்பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன். நிலத்தில் படவில்லை. சட்டம் நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறது, மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு அப்புக்காத்து எழும்பி வாதாடத் தொடங்கினார். நல்ல வாதம். அவர் முடிக்கும் முன்னர் முன்மூக்கு கவரில் இருந்து வழுக்கியது. வள்ளம் ஒரு பக்கமாகச் சரிந்து பக்கத்துப் பற்றைக்குள் விழுந்தது. நான் அதன் மேலே விழுந்தேன்.

யாரும் பார்க்கவில்லை. அதுதான் முதலில் யோசித்தது. கால் முறிந்ததா என்று பிறகுதான் பார்த்தேன். தம்பி அடுத்த ஏரிக்கரையில் பையை இறக்கியிருப்பான். அவன் தேடி வர முன்னர் தூக்கிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும். தொடையில் வைத்து, ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். ஆயிரம் தடவை செய்ததுதான். முதல் தடவை தொடைவரை வந்தது. இரண்டாம் தடவை முழங்கால்வரை. மூன்றாம் தடவை நான் மட்டும் எழும்பினேன், வள்ளம் எழும்பவில்லை. அரிசி மூட்டைக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பாதை வளையும் இடத்தில், பத்து யார் தள்ளி, தம்பி நின்றான். கையில் ஒன்றும் இல்லை. ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கவும் இல்லை. கனநேரமாக நிற்கிறான்.

"எப்ப வந்தனீ?" என்றேன்.

"நான் எப்பவும் பையை வழியிலை வச்சிட்டுத் திரும்பி வாறனான், சின்னண்ணை. உந்த வளைவுகளிலை நிண்டு பாப்பன். நீங்கள் கடந்து வாறியள் எண்டு கண்டால் முன்னுக்குப் போயிடுவன்."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். நாலு இருக்கும் என்றான். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, சொன்னால் நீங்கள் வரமாட்டீர்களே என்றான். நான் பகிடிக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்த ஒரே ஊர் அதுதான்.

"அப்ப சரி. சட்டப்படி அடுத்த வருசம் எனக்கு இடமில்லை."

தம்பி சிரிக்கவில்லை. குனிந்து வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

"அந்தச் சட்டம் உங்களுக்கில்லை. அதைப் பெரியண்ணையை விட்டிட்டுப் போறதுக்குத்தானே பாவிச்சனாங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. வழியில் எங்கே பெற்றோல் அடிப்பது என்று சொல்கிற குரலில் சொன்னான். ஒரே வீச்சில் வள்ளத்தைத் தலைக்கு மேலே கொண்டுபோனான். பிறகு இரண்டு கால்கள் முளைத்த வள்ளம் ஒன்றுக்குப் பின்னால் நான் கையை வீசிக்கொண்டு அடுத்த ஏரிவரை நொண்டினேன். மிச்ச இரண்டு நாளும் தம்பி என்னை மிக மரியாதையாக நடத்தினான். தேத்தண்ணீர் போட்டுக் கையில் தந்தான். கல்லில் கால் வைக்கும்போது முழங்கையைப் பிடித்தான். அதைவிட அவன் சட்டத்தை அமுல்படுத்தியிருக்கலாம்.

நவம்பரில், நான் இருக்கிற மார்க்கம் நகரில் இருந்து காரை எடுத்துக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். பெரியண்ணை அதே கட்டடத்தில், அதே பதினேழாம் மாடியில், இப்போது தனியாக ஒரு அறையில் இருக்கிறார். இந்த ஒன்பது வருடத்தில் இரண்டு செத்த வீட்டிலும் ஒரு கலியாணத்திலும் கண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போகவில்லை. ஒரு டசின் மட்டன் றோல்ஸ் வாங்கிக்கொண்டேன். நெடுஞ்சாலை முழுக்க மன்னிப்பை வாய்விட்டுப் பாடமாக்கினேன். பக்கத்துக் காரில் இருந்தவர், நான் போனில் யாருடனோ சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அவர் கதவைத் திறந்து வாரும் என்றார். தேத்தண்ணீர் வந்தது. லிப்ட் பழுது, வாடகை, யார் யார் செத்தது எல்லாம் பேசினோம். கடைசியில் நான் பாடமாக்கிய வசனத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னேன்.

"அந்த ஆயிரத்து முந்நூறிலை நானும் வள்ளத்தை இறக்கிப்போட்டன், அண்ணை. இப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒன்பது வருசம் எடுத்திருக்கு, உமக்கு முழங்கால் நோக."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு, யன்னலைப் பார்த்துக்கொண்டு, தான் வள்ளத்தை இறக்கிய அந்த வருடக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு கீழே இருந்து பதினேழு மாடியும் ஏறியதாகச் சொன்னார். படிக்கட்டில் கண்ட சனம் லிப்ட் வேலை செய்கிறதே என்று சொல்லுமாம்.

"ஏப்ரல் முடியும் வரைக்கும் ஏறினன்," என்றார். "பிறகு விட்டிட்டன்."

மன்னிப்பைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் அதற்கும் ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை. பகிடி கிடைக்காதபோது என்ன செய்வதென்று நான் பழகவே இல்லை, ஆகவே வெளிக்கிடுகிறேன் என்று எழும்பினேன். அவர் இரண்டு றோல்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சப் பத்தையும் அதே பெட்டியில் மூடி என் கையில் தந்தார். கொலஸ்ட்ரோல் என்றார். காருக்குள் இருந்து நாலைத் தின்றேன்.

இப்போது ஏப்ரல் கடைசி. செப்டெம்பருக்கான அனுமதியை ஏப்ரல் முதல் வாரத்தில் பதியாவிட்டால் நல்ல ஏரிகள் கிடைக்காது. பதிவது எப்போதும் தம்பிதான். பதியும் முன்னர் என்னைக் கூப்பிடுவான். இந்த முறை கூப்பிடவில்லை. நான் எடுத்துக் கேட்கலாம். பெரியண்ணையும் அப்போது எடுத்துக் கேட்டிருக்கலாம். எத்தனை பேர் என்று இந்த வருடம் அவன் யாரைக் கேட்டான், அந்த ஒரு கணம் பேசாமல் இருந்தவர் யார் என்று யோசித்துக்கொண்டு போனைப் பார்க்கிறேன். பிறகு பேஸ்மென்றுக்குப் போகிறேன்.

மூட்டை இந்த முறை புதியது. ஆனால் மனைவி அதைப் பிரித்துவிட்டாள். நான் மேலே கொண்டுபோய் வைக்கிற ஒவ்வொரு முறையும், இஞ்சருங்கோ, பொறுங்கோ என்று சொல்லி இரண்டு சுண்டு அரிசி அள்ளிக்கொண்டுதான் கீழே விடுகிறாள். எப்படியும் மேலே வருகிறதுதானே என்கிறாள். வாரத்துக்கு வாரம் எனக்கு ஏறுவது சுலபமாகி வருகிறது. முழங்கால் நோவும் குறைவு. இப்படியே போனால், செப்டெம்பரில் வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பதின்மூன்று படியையும் ஓடியே ஏறிவிடுவேன்.