கோபே போகாத ரயில்

மலாயாவின் காஜா பெராங்கில் தையல்காரியாக இருந்த சந்திரமதிக்கு நவநாகரிக உடை போட்ட பொம்மைகள் என்றால் உயிர். அவற்றின் கவுன்களைப் பார்த்துத்தான் புது மாதிரிகள் தைப்பாள். 1962இல், சரக்குக் கப்பலில் குமாஸ்தாவாக இருந்த கணவர் தம்பிராஜாவுடன் ஜப்பானுக்குப் போனாள். கப்பல் கோபேயில் நின்றபோது, தனியாக ரயிலேறி ஒசாகாவில் இரண்டு பொம்மைகள் வாங்கினாள்.

திரும்பும் வழியில் வீடுகள் குறைந்து வயல்களாக வந்தன. நிலையங்களின் பெயர்களில் ஒன்றுகூட அவள் வரும்போது பார்த்ததில்லை. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். யாரையாவது கேட்கலாமென்றால் அவர்கள் மொழி தெரியாது.

எதிரே இருந்த பெண் அவள் அழுவதைக் கண்டு ஏதோ கேட்டாள். சந்திரமதி பொம்மைப் பெட்டியின்மேல் பென்சிலால் கப்பல் வரைந்து, "கோபே, கோபே" என்றாள். அந்தப் பெண் அவளை அடுத்த நிலையத்தில் இறக்கி, ஒசாகாவரை கூடவே வந்து, சரியான ரயிலில் ஏற்றிவிட்டாள்.

கப்பல் ஏணியடியில் தம்பிராஜா முகம் வெளிறி நின்றார்.

"எங்க போயிட்ட? ஏணிய தூக்கப் போறாங்க."

"ரயிலு மாறி ஏறிட்டேங்க. இனிமே தனியா போகவே மாட்டேன்."

அடுத்த ஆண்டே பாங்காக்குக்குத் தனியாக ரயிலேறினாள். பயம் போகவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து நின்று பெயரை வாசித்தபடியே போய், பட்டுப் பாவாடை கட்டிய பொம்மையோடு திரும்பினாள்.