அண்ணா அன்று முழுகப் போகவில்லை

எங்கள் குடும்பத்தின் மூத்தவராகக் கொட்டாஞ்சேனையில் பிறந்த அண்ணா, அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு, இரத்மலானையில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவரே. இந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலரில் அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனச்சாட்சி விடவில்லை.

வெள்ளவத்தையில், கால்வாய்க்கரை ஓரமாக இருந்த எங்கள் வீட்டுக்குள் பெருமழைக்குத் தண்ணீர் வரும். அதனால் அண்ணா கதவருகே எப்போதும் ஒரு பை வைத்திருப்பார். பிறப்புச் சான்றிதழ்கள், அண்ணியின் மருந்துகள், டோர்ச், விசில் எல்லாம் அதற்குள் பொலித்தீனில் சுற்றி இருக்கும். தண்ணீர் ஏறத் தொடங்கினால் மெயின் சுவிட்சை நிறுத்தத் தன் பிள்ளைகள் இருவருக்கும் பழக்கியிருந்தார். "அனர்த்த முகாமைத்துவ மந்திரி வாறார்!" என்று நான் நக்கலடிப்பேன். ஒருமுறை வெள்ளம் வந்தபோது அந்தப் பையோடுதான் எல்லோரும் பக்கத்து மாடிக்கு ஏறித் தப்பினோம். அதன் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

கடந்த ஆடி அமாவாசைக் காலை, அப்பாவுக்காகத் தீர்த்தமாட ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். ஆடியில் எங்கள் பக்கத்துக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிவப்புக் கொடியும் பறந்தது.

"இறங்காதை. வாளியில அள்ளித் தாறன், தலையில ஊத்து. அப்பா கோவிக்க மாட்டார்" என்றார் அண்ணா.

"வருசத்தில ஒரு நாள் அப்பாவுக்காக முழுகேலாதோ? உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்!" என்றேன். பத்துப் பேர் கேட்கத்தான் சொன்னேன்.

"மஹத்தயா, பஹின்ட எபா!" என்று சிங்களத்தில், இறங்க வேண்டாமெனக் கரையில் நின்ற மீனவர் ஒருவரும் கத்தினார். நான் இறங்கினேன். மூன்றாவது முழுக்கில் அலை என்னை இழுத்துக்கொண்டது.

இப்படி ஏதும் நடந்தால் உதவுமென்று அண்ணா கயிறு கட்டிய வெற்றுக் கேன் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அதை வீசினார், எனக்கு எட்டவில்லை. கயிற்றின் நுனியை மீனவரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீருக்குள் வந்து கேனை என் பக்கம் தள்ளினார். நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த அலை அண்ணாவைக் கற்பாறையில் அடித்தது.

பொலிசாரிடம், "ரெண்டு பேரும் முழுகப் போனனாங்கள்" என்றேன். செத்த வீட்டில், "இவ்வளவு கவனமான மனுசன் கொடியைப் பாக்காமலோ இறங்கினவர்?" என்று உறவினர் கேட்டபோது, வாசலில் கைகட்டி நின்றேன். சீ, நானும் ஒரு தம்பி!

என்னைக் கரைசேர்த்து, அண்ணாவையும் தூக்கி வந்த மீனவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு தந்த அயலவருக்கும் எப்படி நன்றி சொல்வேன்? அந்தச் சாப்பாட்டை நானும் பொய்யோடுதான் சாப்பிட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். திட்டுவார் என்றிருந்தேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கினார்.

"பிள்ளையள் ரெண்டும் இன்னும் தகப்பனோட கோவமா இருக்கினம், தம்பி. ஏன் எங்களை விட்டிட்டுக் கடலில இறங்கினவர் எண்டு கேக்கினம். இதை முதல் பக்கத்தில போடுங்கோ."