எல்லார் கொழுப்பும் என் பக்கம்

குண்டுப் பிள்ளையான நான் வாப்பாவுக்குத் தெரியாமல் பாடசாலை மைதானத்தில் ஓடுகிறேன்.

ஓடினால் எடை குறையாவிட்டாலும், தின்கிற கொழுப்பை எரிக்க உடம்பு பழகும் என்று டீச்சர் சொன்னதை உம்மாவிடம் உளறியது என் மடத்தனம்.

இன்று கலியாண வீட்டில், ஆண்கள் பக்கத்தை மறைத்த திரைக்கு இப்பால், பெண்கள் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சேர்ந்து சாப்பிட இருந்தோம். டீச்சர் சொன்னதை உம்மா மாமிமாரிடம் சொல்லிவிட்டார். உடனே எல்லாருடைய இறைச்சிக் கொழுப்பும் என் பக்கம் வந்தது.

"தின்னு புள்ள, நீதானே ஓடுற. எங்கட பங்கையும் எரிச்சிடு" என்றார் பெரிய மாமி.

"மெல்லக் கதைங்க மாமி, திரைக்கு அங்கால வாப்பா."

திரை விலகியது. கொழுப்புத் துண்டுகளோடு ஒரு பீங்கான் தட்டு உள்ளே வந்தது.

"இதையும் அவக்கிட்டக் குடுங்க."

வாப்பாவின் குரல்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே படுக்கப் போய்விட்டார். போர்வைக்குள் இருந்து உங்களுக்கு எழுதுகிறேன். அவர் கொழுப்பு அனுப்பியது ஓட அனுமதியா, வெறும் கேலிப் பகிடியா? விடியமுன் சொல்லுங்கள், ஓடும் சப்பாத்தைப் பாடசாலைப் பையில் வைக்க வேண்டும்.